மோப்ப அறை நாற்காலி

வானம் வெளுப்பதற்குள் அடுப்பு பற்றியிருக்க வேண்டும். அடுப்பு என்பது தொழிலாளர்கள் வைத்த பெயர். தர அதிகாரி அதை 'வெப்ப இணைப்பு அலகு' என்பார். அவர் வாயிலிருந்து எந்தப் பொருளும் சொந்தப் பெயரோடு வெளியே வந்ததில்லை. அகலமான இயந்திரத்தின் குறுக்கே ஒரு நெருப்புக் கோடு. அதன் மேல் நுரைப்பஞ்சுத் தாள் ஓடும். ஓடுகிற ஓட்டத்தில் அதன் தோல் மட்டும் உருகிப் பசையாகும். பசை ஆறுவதற்குள் மேலிருந்து பாலியெஸ்டர் துணி இறங்கி ஒட்டிக்கொள்ளும்; உருளைகள் இரண்டையும் சேர்த்து நசுக்கும். மறுமுனையில் கார் இருக்கைக்கான துணி மெத்தென்று, மினுமினுவென்று, பெரிய இடத்துப் பிள்ளை மாதிரி வெளியே வரும்.

பிள்ளை பிறக்கிற இடத்தில் புகை. கண்ணில் மிளகாய் தடவியது போல எரியும். தலைக்கு மேலே ஒரு தகரக் கூண்டு வாயைப் பிளந்தபடி நிற்கிறது. புகையை இழுத்து வெளியே தள்ளுவது அதன் வேலை. அது இழுக்கிற சத்தம் சாலைவரை கேட்கும். சத்தத்தோடு சரி. இந்த விஷயத்தில் அது தர அதிகாரிக்கு ஒன்றுவிட்ட தம்பி.

மூத்தவள் பஞ்சுச் சுருளைக் கட்டிப்பிடித்துத் தூக்கி இரும்புத் தண்டில் மாட்டினாள். சுருளுக்குக் கனம் அதிகமில்லை, ஆனால் கைக்குப் பிடி கொடுக்காது. "கட்டினவரைக்கூட இத்தனை தடவை கட்டிப்பிடிச்சதில்ல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை. தாளின் நுனியை நெருப்புக்கு ஊட்டிவிட்டு நிமிர்ந்தவள், புகைக்கு அப்பால் இருந்த கண்ணாடிச் சுவரைப் பார்த்தாள். அதற்குள் இளையவள் உட்கார்ந்திருந்தாள்.

இருவரும் ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டவர்கள். ஓரகத்திகள். இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு மாமியார். போன வருஷம்வரை இதே அடுப்பில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். பிறகு கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் மோப்ப அறை வந்தது.

புதுக் கார் வாங்கியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஆழமாக மூச்சிழுத்து, "ஆகா, புது வாசனை" என்று பூரிப்பார்களே, அது பஞ்சும் பசையும் துணியும் வெயிலில் வியர்க்கிற வாசனை. பூரித்தவர்களில் சிலருக்குத் தலைவலி வந்தது. கார்க் கம்பெனி முகம் சுளித்தது. உடனே முதலாளி ஓர் அறை கட்டினார். துணித் துண்டை மூடிபோட்ட கண்ணாடி ஜாடியில் அடைத்துச் சூடேற்றி, மூடியைத் திறந்து, நாலு பேர் மோந்து பார்த்து மதிப்பெண் போட வேண்டும். அலுவலகத்திலிருந்து மூன்று பேர். அடுப்பிலிருந்து, ஆள் எடுக்க வைத்த மோப்பச் சோதனையில் யோசிக்காமல் பட்டென்று பதில் சொன்னதால், இளையவள்.

அந்த அறைக்கு வடிகட்டிய காற்று. உட்காரக் கை வைத்த நாற்காலி. மூக்கு களைத்துப்போகுமாம், நடுநடுவே ஓய்வு. மூத்தவளுக்கு முழங்கால்தான் களைத்துப்போகும். அதற்கு அறை கட்டுவதாக எந்தத் திட்டமும் இல்லை.

பொறாமை கெட்ட குணம் என்று சொல்பவர்களிடம் பெரும்பாலும் நல்ல நாற்காலி இருக்கிறது. மூத்தவளிடம் இல்லை. அதனால் வஞ்சகமில்லாமல் வயிறெரிந்தாள். இளையவள் நாற்காலியில் சாய்ந்தால் எரியும். தண்ணீர் குடித்தால் எரியும். வீட்டுக்கு வந்தால் இன்னும் எரியும். ஏனென்றால் மோப்பக்காரர்கள் வெங்காயம், பூண்டு, வாசனைச் சோப்பு எதையும் நெருங்கக் கூடாது என்று விதி. மாமியார் அந்த விதியைத் தன் மகுடமாக எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"சின்னவ மூக்கு கம்பெனிச் சொத்து. இந்த வீட்ல இனிமே வெங்காயம் கிடையாது."

"அப்ப என் நாக்கு யார் சொத்து அத்தே?"

"உன் நாக்கா? அதை எந்தக் கம்பெனிக்காரன் வாங்குவான்?"

ஒரு விடுமுறை நாள், மாமியார் வெளியே போன நேரம் பார்த்து, மூத்தவள் சட்டியை வைத்து வெங்காயத்தை அள்ளிப் போட்டாள். பழிவாங்கும் வெங்காயம். இளையவள் பக்கத்திலேயே நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைச் சுளிப்பாள், மூக்கைப் பொத்துவாள், ஒரு சண்டை போடலாம் என்று மூத்தவள் காத்திருந்தாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன திமிர் என்று மூத்தவள் ஜன்னலைப் பார்த்து நின்றாள். வாசல் வழியாக வந்த மாமியார் அலறிய பிறகுதான் இருவரும் சட்டியைப் பார்த்தார்கள். வெங்காயம் கரியாகியிருந்தது.

"ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே இருக்கீங்க, தெரு முழுக்கத் தீயற நாத்தம். மூக்கை அடகு வச்சிட்டீங்களா?"

கோபத்தில் கவனிக்கவில்லை என்று மூத்தவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இளையவள் என்ன சொல்லிக்கொண்டாளோ, சட்டியை வாங்கி அதையும் தேய்த்தாள்.

அடுத்த வாரம் தர அதிகாரி அடுப்பருகே வந்து, கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு உரையாற்றினார்.

"நமது நறுமண மதிப்பீட்டுக் குழுவை விரிவுபடுத்த நிர்வாகம் தீர்மானித்துள்ளது. உங்களிடையே மறைந்திருக்கும் ஓர் உன்னத நாசியை..."

"இன்னொரு ஆள் எடுக்கறாங்க" என்று கத்தரிக்காரர் மொழிபெயர்த்தார். துணியின் ஓரத்தை நறுக்குகிறவர் அவர். அதிகாரியின் பேச்சையும் அவரே நறுக்கித் தருவார்.

ஒரு நாற்காலி. அன்றிலிருந்து அடுப்பில் ஒருவரும் ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கத்தரிக்காரர் வீட்டில் ஆவி பிடிப்பதாகச் செய்தி வந்தது. 'சங்கு' உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவினான். ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே அவன் இருமல் ஊதிவிடும், அதனால் அந்தப் பெயர். உருளையில் நிற்கும் இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்து, "உனக்கென்னடி, உன் மூக்கு எடுப்பா இருக்கு" என்று சாபம் கொடுப்பது போலப் பாராட்டிக்கொண்டார்கள். மூத்தவள் எதுவும் செய்யவில்லை. இளையவளால் முடியும் என்றால் தன்னால் முடியாதா என்பதே அவளுக்குப் போதுமான தகுதியாகத் தெரிந்தது.

சோதனை நாளில் ஐந்து பேரையும் மோப்ப அறையில் வரிசையாக உட்கார வைத்தார்கள். காற்று அத்தனை சுத்தமாக இருந்ததில் சங்குவுக்கு இருமல் கூடியது. இளையவள் சூடான ஜாடிகளைத் துணியால் பிடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மூன்று ஜாடி. மூடியைத் திறந்ததும் மோந்து பார்த்து, எது மிக மோசம் என்று சொல்ல வேண்டும்.

மூத்தவள் முதல் ஜாடிக்குள் மூக்கை விட்டாள். சூடு தெரிந்தது. இரண்டாவதிலும் சூடு. மூன்றாவதிலும் அதே சூடு. அவளுக்கு வியர்த்தது. நிமிர்ந்து இளையவள் முகத்தைப் பார்த்தாள். பழகிய முகம், சமையலறையில் தினம் படிக்கிற முகம். இரண்டாவது ஜாடி திறந்தபோது அந்த முகத்தில் ஒரு சின்னச் சுளிப்பு ஓடியதை அவள் பார்த்திருந்தாள்.

"ரெண்டாவது" என்றாள் மூத்தவள், பட்டென்று.

"ரெண்டாவதுதான்" என்றார் கத்தரிக்காரர்.

"சந்தேகமே இல்ல, ரெண்டாவது" என்றான் சங்கு. உருளைப் பெண்கள் இருவரும் இரண்டாவது ஜாடியை நினைத்து மூக்கைப் பொத்திக்கொள்ளவே செய்தார்கள்.

அதிகாரி மகிழ்ச்சியோடு இளையவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. குழுவின் தீர்ப்பு?"

"ரெண்டாவது சார்."

அதிகாரியின் மகிழ்ச்சி பாதியில் நின்றது. இரண்டாவது ஜாடியை எடுத்துக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. காலி ஜாடி. அது திறந்தபோது அவர் முகம் சுளித்தது, அதில் ஒட்டியிருந்த சீட்டு கோணலாக இருந்ததற்காக. இளையவள் முகத்தில் ஓடியது அவருடைய சுளிப்புதான்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் ஓட்டுநர் ஏதோ கேட்கக் கதவைத் திறந்தார். ஒரு காலை உள்ளே வைத்தவர் அப்படியே பின்வாங்கி, தோளால் மூக்கை மூடிக்கொண்டார்.

"என்னய்யா இது. பிளாஸ்டிக் குடோன் எரியுதா? எப்படி உள்ள உக்காந்திருக்கீங்க?"

மேசையில் மூன்றாவது ஜாடி திறந்தே இருந்தது. அடுப்பிலிருந்து வெட்டி, காற்றாட விடாமல், சுடச்சுட அடைத்த துணி. அவர்கள் நாள் முழுக்கச் செய்கிற துணி.

உப்புத் தண்ணீரும் ஆவியும் எதற்கு என்று ஒவ்வொருவருக்கும் மற்றவரைப் பார்த்தபோது புரிந்தது. எனக்கு மட்டும்தான் போய்விட்டது என்று ஒவ்வொருவரும் பொத்திப்பொத்தி வைத்திருந்தது எல்லோருக்கும் போயிருந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும். மூத்தவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். தனக்கும் மூக்கு இல்லை. கம்பெனிச் சொத்துக்கும் இல்லை. வீடு போகும்வரை அந்தச் சந்தோஷத்தை மிட்டாய் மாதிரி வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே நடந்தாள். சமையலறையில் இளையவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் மிட்டாய் கரைந்துவிட்டது.

"எப்பத்திலேருந்து?" என்றாள் மூத்தவள்.

"அடுப்புல இருந்தப்பவே போயிடுச்சுக்கா."

"அப்ப அந்த ரூம்ல என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"மூஞ்சியைப் பாப்பேன். ஆபீஸ்காரங்க மூணு பேரும் மூடி திறந்ததும் என்ன மூஞ்சி காட்டறாங்கன்னு பாத்துச் சொல்வேன். அப்புறம் பாத்தா, அவங்க என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டிருக்காங்க. 'அவளுக்குத்தான் அடுப்புப் பழக்கம், அவ சொன்னா சரி'ன்னு."

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. இளையவளுக்கு வரவில்லை.

"நேத்து ஒரு புகார் வந்துச்சு. புதுக் கார்ல கைக்குழந்தையை வச்சுக்கிட்டு வெயில்ல போயிருக்காங்க. குழந்தை வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்களாம். நம்ம துணிதான். சரின்னு நான் சொல்லி அனுப்புனது."

"குழந்தை?"

"பொழச்சுக்கிச்சுன்னு சொன்னாங்க."

மூத்தவள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்கிட்டயா? நீ என்னைப் பாக்கற பார்வையில ஜாடியே உருகிடும். சொன்னா நாற்காலி போயிடும், திரும்ப அந்தப் புகைக்கு வரணும். நெஞ்சுல எவ்வளவு மிச்சமிருக்குன்னு தெரியலக்கா. அதைக் காப்பாத்திக்கலாம்னு பாத்தேன்."

மறுநாள் காலை முதலாளி மூத்தவளை மாடிக்குக் கூப்பிட்டார். மாடியில் ஒரு கூண்டு சத்தமே போடாமல் காற்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பழைய எரிச்சல் புது விலாசத்தில் எரிந்தது.

"உக்காரும்மா" என்றார் முதலாளி. "நேத்து நடந்தது ஒரு சின்ன விஷயம். சளி, தூசி, யாருக்கும் வரும். நாம ஒரு குடும்பம். குடும்ப விஷயத்தை வெளிய பேசக் கூடாது."

"சரிங்க சார்."

"உன் ஓரகத்தி நம்பிக்கையைக் கெடுத்துட்டா. அந்த நாற்காலி உனக்கு. நாளையிலேருந்து."

அவள் விழித்தாள். "எனக்கும் மூக்கு இல்லியே சார்."

"மூக்கை யார் கேட்டா? நீ உக்காந்திருந்தாப் போதும். வாசனை எல்லாம் நல்லாத் தெரியுதுன்னு ஒரு கையெழுத்து."

"அப்ப அவ?"

"அடுப்புக்கு. அவளும் கொஞ்சம் புகையைப் பாக்கட்டுமே."

அந்த ஒரு கணம் தித்தித்தது. ஒரு வருஷமாக அவள் மனதுக்குள் வேண்டியது வார்த்தை மாறாமல் முதலாளி வாயிலிருந்து வந்தது. வார்த்தை மாறாமல் வந்ததுதான் உறுத்தியது. வேறு யாரிடமும் சொல்லாத நினைப்பு இவருக்கு எப்படித் தெரியும்? பிறகு புரிந்தது. கண்ணாடிச் சுவர் எதற்கு? மோப்பம் பிடிக்க இருட்டறை போதுமே. புகையில் நிற்பவர்கள் நாற்காலியைப் பார்க்க வேண்டும். நாற்காலியில் இருப்பவள் புகையைப் பார்க்க வேண்டும். அவள் பஞ்சு தூக்கியதற்காவது கூலி வந்தது. அவள் பொறாமை இந்த ஒரு வருஷமும் இவருக்குச் சும்மாவே உழைத்திருக்கிறது.

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

"யோசிக்க என்ன இருக்கு?"

"பழக்கமில்ல சார். கொஞ்ச நேரம் ஆகும்."

கீழே இறங்கி அடுப்பருகே வந்தாள். நெருப்புக் கோடு எரிந்துகொண்டிருந்தது. ஒளிக்காமல் சொன்னாள்.

"நாற்காலியை எனக்குத் தரேங்கறார். மூக்கு நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போடணுமாம்."

சங்கு இருமினான். இருமி முடிக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான். "உனக்குமா?" என்றான்.

"உனக்குமான்னா?"

"நேத்து சாயங்காலம் எனக்குத் தரேன்னாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு."

கத்தரிக்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். "எனக்குக் கை வச்ச நாற்காலியோட கால் வைக்க ஒரு பலகையும் சேத்துத் தரேன்னாரு."

"பலகையா?" என்று பொறாமையோடு திரும்பினாள் உருளைப் பெண்களில் ஒருத்தி. "எனக்குப் பலகை சொல்லலியே." சொன்ன பிறகுதான் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துக்கொண்டது அவளுக்கு உறைத்தது. அவளுடைய கூட்டாளி, நேற்றே நாற்காலிக்கென்று ஒரு குஷன் தைக்கத் துணி பார்த்தவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

முதலில் சிரித்தது சங்கு. சிரிப்பு இருமலாகி, இருமல் சிரிப்பாகி, அவனை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"ஒரு நாற்காலியில அஞ்சு பேர் உக்காந்தா நாற்காலிக்கு மூச்சு முட்டும்" என்றார் கத்தரிக்காரர்.

"ஒருத்தருக்குக் கிடைச்சா மத்தவங்களுக்கு வயிறெரியத்தான் போகுது" என்றாள் மூத்தவள். "நான் திருந்திட்டேன்னு நினைக்காதீங்க. எனக்கு நல்லாவே எரியும். அதனாலதான் சொல்றேன், ஒருத்தருக்குன்னு கேக்கக் கூடாது. அந்தக் கூண்டு நிஜமா புகையை இழுக்கணும், எல்லார் தலைக்கு மேலயும். எல்லாரையும் டாக்டர் பாக்கணும். அதுவரைக்கும் இந்தத் துணி ஒரு முழம் வெளிய போகக் கூடாது. போனா இன்னொரு குழந்தை."

சொல்லிவிட்டு எரிவாயுக் குழாயின் திருகை அவளே மூடினாள். நெருப்புக் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை படுத்தது. உருளைகள் கொஞ்ச நேரம் சும்மா சுற்றி நின்றன.

இயந்திரம் நின்றால் முதலாளிகளுக்கு மாடிப்படி தெரியும். அவர் இறங்கி வந்தார், பின்னால் தர அதிகாரி.

"என்ன இது? யார் சொல்லி நிறுத்துனீங்க?"

"குடும்ப விஷயம் சார்" என்றாள் மூத்தவள். "குடும்பத்துக்குள்ளயே பேசிக்கலாம்னு."

"நக்கலா? உங்களுக்கு நான் என்ன குறை வச்சேன்? வேலை குடுத்தேன், சொந்தப் பிள்ளைங்க மாதிரி..."

"குடும்பம்னா பொறாமை இருக்கும் சார். எனக்கும் என் ஓரகத்திக்கும் ஊர்ப்பட்ட பொறாமை. நீங்க சொல்லுங்க, எங்ககிட்ட இருக்கற எதையாவது பாத்து நீங்க என்னைக்காவது பொறாமைப்பட்டதுண்டா?"

முதலாளி யோசித்தார். யோசித்தது தெரிந்துவிட்டதே என்று கோபம் வந்தது.

"பிரமாணம் இல்லாம பேசக் கூடாது. உங்க மூக்கு போனதுக்கு இந்த இயந்திரம்தான் காரணம்னு எந்த ஆய்வறிக்கை சொல்லுது?" என்று தர அதிகாரி உதவிக்கு வந்தார்.

பதில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது. மோப்ப அறையின் கதவைத் திறந்துகொண்டு இளையவள் வந்தாள். கையில் துணி சுற்றிய மூன்றாவது ஜாடி, புதிதாகச் சூடேற்றியது. யாரையும் பார்க்காமல் நேராக வெளி முற்றத்துக்குப் போய், சுருள்கள் ஏற்றும் மேடையில் அதை வைத்தாள். எல்லோரும் பின்னாலேயே போனார்கள்.

"எனக்கு வாசனை தெரியாது" என்றாள், தையல் கூடத்துக்கும் சாயக் கூடத்துக்கும் கேட்கிற மாதிரி. "ஒரு வருஷமா மோந்து பாக்கற வேலை எனக்கு. யாருக்கெல்லாம் தெரியுதுன்னு வந்து பாருங்க."

"உன் நாற்காலி போச்சு" என்றார் முதலாளி.

"போகட்டும் சார். அதுல உக்காந்தா முதுகு நிம்மதியா இருந்துச்சு. மத்தது எதுவும் இல்ல."

முதலில் சாயக் கூடத்திலிருந்து ஒருவர் வந்தார். மோந்தார். ஜாடியைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி மோந்தார். அடுப்புக்காரர்கள் பக்கம் வந்து நின்றார். அடுத்து தையல் கூடத்துப் பெண்கள். இந்தத் துணியை நாள் முழுக்க மடியில் போட்டுத் தைப்பவர்கள். அவர்களுக்கு மின்விசிறி இருக்கிறதென்று அடுப்புக்காரர்கள் கரித்துக்கொட்டிய காலம் உண்டு. ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அவளுக்குப் பின்னால் வந்த இருவர் அவள் ஏன் ஓடினாள் என்று புரியாமல் நின்றார்கள். புரிந்ததும் முகம் வெளிறியது.

"ஒரு இழுப்புப் போதும்மா, முட்ட முட்ட இழுக்காதே" என்று கத்தரிக்காரர் வரிசையை ஒழுங்குபடுத்தினார். "மிச்சத்தை நாள் பூரா சும்மாதான் தர்றாங்க."

நாற்றம் தெரிந்தவர்கள் ஒரு பக்கம், தெரியாதவர்கள் ஒரு பக்கம் என்று யாரும் சொல்லாமலே முற்றம் பிரிந்தது. தெரியாதவர்கள் பக்கம் இடம் போதவில்லை. மூத்தவள் நகர்ந்து இளையவளுக்குப் பக்கத்தில் இடம் விட்டாள்.

"வெயில்ல நிக்காதேடி. இப்படி வா."

"நீ நிக்கற இடம் மட்டும் எப்படி நிழலா அமையுதுக்கா?"

"பாத்தியா, உனக்கும் எரியுதுல்ல?"

மாடியில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. முதலாளி அதை எடுக்கப் போவதா, இங்கே நிற்பதா என்று தெரியாமல் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார். வாயிலை இழுத்துச் சாத்தும்படி அதிகாரி காவலாளிக்குக் கை காட்டினார். காவலாளி, என்ன நினைத்தாரோ, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

தையல் கூடத்தில் போன வாரம் சேர்ந்த ஒருத்தியின் முறை வந்தது. கைக்குழந்தையை வீட்டில் விட்டு வேலைக்கு வருகிறவள். குனிந்தவள் சட்டென்று பின்வாங்கி, மேடையைப் பிடித்துக்கொண்டு குமட்டினாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"தாங்க முடியல" என்றாள். "தொண்டைக்குள்ள போயி ஒட்டுது. உங்களுக்கெல்லாம் இது தெரியவே இல்லியா?"

மூத்தவள் அவளையே பார்த்தாள். வாழ்க்கையில் எத்தனையோ பேரைப் பார்த்து அவளுக்கு எரிந்ததுண்டு. நாற்காலிக்கு, நிழலுக்கு, நல்ல காற்றுக்கு. நாற்றம் தெரிகிறது என்பதற்காக ஒருத்தியைப் பார்த்து எரிவது இதுதான் முதல் தடவை. இதுவரை எரிந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

அவள் மேடைக்குப் போய், அந்தப் பெண்ணின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு ஜாடியின் மூடியை இறுக்கினாள்.

"நீ இன்னிக்கு உள்ள போகாதே" என்றாள். "நாங்க யாரும் போகல."

அந்தப் பெண் இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். தெரிந்தவர்கள் பக்கம் தாராளமாக இடம் இருந்தது. அங்கே போகாமல், நெருக்கியடித்து நின்றவர்களுக்கு நடுவே ஒரு தோளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். அவளைப் பார்த்து, முன்பு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவளும் அங்கேயே வந்தாள்.